கடைசி ‘யா, யா’: லோட்டே லேமன் பாடியதும் பாடாமல் விட்டதும்

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ரோசன்காவலியர்’ ஓபராவை 1933 செப்டம்பரில் வியன்னாவில் சுருக்கமாக ஒலிப்பதிவு செய்தார்கள். தொண்ணூறு வருஷம் கழித்தும் இசைப்பித்தர்கள் அந்தப் பதிவை விடுவதாக இல்லை. அதில் மார்ஷலின் என்ற நாயகியாகப் பாடியவர் லோட்டே லேமன். அந்தப் பாத்திரம் என்றாலே அவர்தான் என்று ஒரு தலைமுறைக்கே பேர் வாங்கிய ஜெர்மன் சொப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பாடகி.

கதையின் முடிவில் மார்ஷலின் தன் இளம் காதலனை அவன் வயதுக்கேற்ற ஒரு பெண்ணிடம் விட்டுக்கொடுத்துவிடுகிறாள். அந்தப் பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து, சின்னஞ்சிறுசுகள் என்றால் இப்படித்தான் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார். அதற்கு மார்ஷலினின் பதில் இரண்டே அசை: ‘யா, யா.’ ஆமாம், ஆமாம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கதையின் பாரம் முழுவதும் அந்த இரண்டு அசையில் வந்து இறங்கும். ஏமாற்றமா, சம்மதமா, களைப்பா? பாடுகிறவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி.

அந்த இசைத்தட்டில் வருகிற ‘யா, யா’ லேமனுடையது அல்ல. தன் வேலை முடிந்ததென்று அவர் முன்பே கிளம்பிவிட்டார். அந்த இடம் வந்தபோது சொல்ல ஆள் இல்லை. இளம்பெண் ஸோஃபியாகப் பாடிய எலிசபெத் ஷுமான் தானே அந்த இரண்டு அசையையும் சொல்லி ஒப்பேற்றினார். அதாவது, காதலனைப் பறிகொடுத்தவளின் பெருமூச்சை, பறித்துக்கொண்டவளே விட்டிருக்கிறாள். விஷயம் தெரிந்த பிறகு கேட்டால் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

சின்ன விஷயம்தான். ஆனால் லேமனின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டு போனால் இப்படிப்பட்ட இடங்கள் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர் விட்ட இடத்திலிருந்து வேறு யாராவது எடுத்து முடிக்கிறார்கள். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குறையே இல்லாத குரல்கள் அவர் காலத்தில் நிறைய இருந்தன. அவற்றில் பலவற்றை இன்று யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை. இவரைக் கேட்கிறார்கள்.

லேமன் பிறந்தது 1888 பிப்ரவரி 27, பெர்லினுக்கு வடமேற்கே உள்ள பெர்லபெர்க் என்ற சின்ன ஊரில். அப்பா நிலவுடைமையாளர் சங்கம் ஒன்றில் அலுவலர். சம்பளம், ஓய்வூதியம், ஒழுங்கு என்று வாழ்ந்த வீடு. மகளும் ஆசிரியை ஆகவேண்டும், அல்லது அதுபோலப் பிற்காலத்துக்குக் கவலையில்லாத ஒரு வேலைக்குப் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பிறகு மகள் பாட்டுப் பக்கம் போய்விட்டாள்.

போன வேகத்தில் அடியும் விழுந்தது. எடெல்கா கெர்ஸ்டர் என்ற பழைய நட்சத்திரப் பாடகி பெர்லினில் நடத்திய பள்ளியில் லேமன் சேர்ந்தார். மொட்ஸார்ட்டின் ‘ஃபிகாரோவின் கல்யாணம்’ ஓபராவில் கோமகள் பாடும் பாட்டு ஒன்றைக் கொடுத்து மாதக்கணக்கில் அதையே பாட வைத்தார்கள். தொண்டை இறுகியதுதான் மிச்சம். குரலைத் திறக்க வேண்டிய பயிற்சி அதை மூடிவிட்டது. கடைசியில் உனக்குத் திறமை இல்லை, பிழைப்புக்கு வேறு வழி பார் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்தது மாட்டில்டே மாலிங்கரிடம். 1868-இல் வாக்னரின் ‘மைஸ்டர்ஸிங்கர்’ முதன்முதலாக அரங்கேறியபோது நாயகி ஏவாவாகப் பாடியவர் இந்த மாலிங்கர். நாற்பது வருஷத்துக்கு முன் வாக்னரின் கண்முன்னே பாடியவர், வேறொரு பள்ளி வேண்டாமென்று தள்ளிய பெண்ணை எடுத்துத் தேற்றினார். பெர்லபெர்க் பக்கத்துப் பிரபுவான புட்லிட்ஸ் பணம் கொடுத்து உதவினார். 1910-இல் ஹாம்பர்க் ஓபராவில் வேலை கிடைத்தது. முதல் வேடம் மொட்ஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழ’லில் வரும் மூன்று சிறுவர்களில் இரண்டாவது சிறுவன். இதைவிடச் சின்ன வேடம் கேட்டாலும் கிடைக்காது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஓபராவில் மைக் கிடையாது. ஸ்ட்ராஸ், வாக்னர் போன்றவர்களின் படைப்புகளில் மேடைக்குக் கீழே குழியில் எண்பது, நூறு பேர் வாசிப்பார்கள். அந்தச் சத்தத்தைத் தாண்டி, இரண்டாயிரம் பேர் உட்கார்ந்த மண்டபத்தின் கடைசி வரிசை வரை வெறும் தொண்டையால் எட்ட வேண்டும். ஆகவே ஓபரா உலகத்தில் ஒரு குரலைப் பற்றிப் பேசுவது பந்தயக் குதிரையைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். மூச்சு எவ்வளவு தூரம் தாங்குகிறது, உச்ச ஸ்தாயியில் நின்று பேசுகிறதா, மேலே போகப்போக இளைக்கிறதா, இப்படி. அந்தக் கணக்கில் லேமனுக்கு எப்போதும் முழு மதிப்பெண் கிடைத்ததில்லை. மூச்சு குறை. மற்றவர்கள் ஒரே மூச்சில் கடக்கும் வரியை அவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக் கடப்பார். விமர்சகர்கள் கடைசி வரை இதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள். மிக உச்சத்து சுரங்களும் வயது ஏறியபோது தகராறு செய்தன.

ஹாம்பர்க்கில் திருப்புமுனை 1912-இல் வந்தது. ‘லோஹென்கிரின்’ ஓபராவில் எல்ஸா வேடத்துக்கு மாற்று ஆள் தேவைப்பட்டது. வாத்தியக்குழுவின் நடத்துனர் ஓட்டோ கிளெம்பரர், அப்போது இருபத்தேழு வயது இளைஞர். லேமன் பாடினார்; அதற்குப் பிறகு அவருக்குச் சின்ன வேடங்கள் வரவில்லை. 1914-இல் லண்டனில் பாடினார், அதே வருஷம் வியன்னா அரசவை ஓபராவில் விருந்தினராக ஏவா பாடினார். 1916-இல் வியன்னாவுக்கே போய்விட்டார்.

அங்கே போன சில வாரங்களில் நடந்ததுதான் அவர் தலையெழுத்தை மாற்றியது. ஸ்ட்ராஸ் தன் ‘ஆரியாட்னே’ ஓபராவைத் திருத்தி, இசையமைப்பாளன் என்ற புதிய வேடத்தைச் சேர்த்திருந்தார். ஆண் பாத்திரம், பாடுவது பெண். அதற்கு வைத்திருந்தவர் மாரி குட்ஹைல் ஷோடர், வியன்னாவின் பெரும் பாடகி. அவருக்கு உடம்பு சரியில்லாமல் ஒத்திகைக்கு வரமுடியாத நாளில், ஊருக்குப் புதிதான லேமனை எழுப்பிப் பாடச் சொன்னார்கள். ஸ்ட்ராஸ் கேட்டார். முதல் நாளே இந்தப் பெண்தான் பாடவேண்டும் என்று சொல்லிவிட்டார். 1916 அக்டோபர் 4, ஐரோப்பா முழுக்கப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அரங்கேற்றம். இந்தமுறை வேறொருவர் விட்ட இடத்தை நிரப்பியவர் லேமன்.

அதே மேடையில் ஆரியாட்னேயாகப் பாடியவர் மரியா யெரிட்ஸா. பொன்னிறத் தலைமுடி, பார்த்தாலே நட்சத்திரம், வியன்னாவின் செல்லப்பிள்ளை. லேமனோ பிரஷ்யாக்காரி, பேச்சிலும் வடக்கத்தி வாடை. இருவருக்கும் இடையிலான போட்டி வருஷக்கணக்கில் ஊருக்குத் தீனி போட்டது. 1919-இல் ‘நிழல் இல்லாத பெண்’ அரங்கேறியபோது ஸ்ட்ராஸ் இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினார். யெரிட்ஸாவுக்கு நிழல் இல்லாத பேரரசி. லேமனுக்கு, நிழலை விற்கத் தயாராகும் சாயக்காரனின் மனைவி. ஆள் பார்த்துக் கொடுத்த வேடங்கள் என்றுதான் தோன்றுகிறது. அரசியின் ஒளியெல்லாம் ஒருத்திக்கு. புகைபடிந்த குடிசை, கோபம், ஏக்கம், குழந்தையில்லாத வலி எல்லாம் மற்றவளுக்கு.

ஸ்ட்ராஸ் 1924-இல் இன்னும் ஒரு வேடத்தைக் கொடுத்தார். டிரெஸ்டனில் அரங்கேறிய ‘இன்டர்மெட்ஸோ’. தன் சொந்தக் குடும்பச் சண்டையை அவரே எழுதி இசையமைத்தது. நாயகி கிறிஸ்டினே வேறு யாருமில்லை, ஸ்ட்ராஸின் மனைவி பாவ்லினேதான். வாய் நீளம், முன்கோபம், எல்லாம் அப்படியே. லேமன் பாடினார். முடிந்ததும் பாவ்லினேயிடம் போய், உங்கள் கணவர் உங்களுக்கு எவ்வளவு அருமையான பரிசு கொடுத்திருக்கிறார் என்றாராம். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று பாவ்லினே முகத்தில் அடித்தாற்போல் பதில் சொன்னாராம். லேமன் ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரித்த கதை இது.

அதே 1924-இல்தான் மார்ஷலின் வந்தது. லண்டன் கோவென்ட் கார்டன், நடத்துனர் புரூனோ வால்ட்டர். இதே ஓபராவில் ஸோஃபியையும், காதலன் ஆக்டேவியனையும் லேமன் ஏற்கெனவே பாடியிருந்தார். இப்போது மூன்றாவது வேடம். கதையில் மார்ஷலின் ஒன்றும் கிழவி அல்ல. அவளுக்கு முப்பத்திரண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது ஸ்ட்ராஸின் கருத்து. லேமனுக்கு அப்போது 36. முதல் அங்கத்தில் கண்ணாடி பார்க்கிறாள். சிகைக்காரன் தன்னைக் கிழவியாக்கிவிட்டதாகச் சொல்கிறாள். காதலன் பக்கத்தில் இருக்கும்போதே, இன்றோ நாளையோ இவன் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிகிறது. காலம் என்பது விசித்திரமான பொருள் என்று தொடங்கி, சில ராத்திரிகளில் எழுந்துபோய் வீட்டிலுள்ள கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிடுவேன் என்கிறாள்.

1933 பதிவில் இந்த இடத்தைக் கேட்டுப்பார்க்க வேண்டும். வாத்தியங்கள் அடங்கிவிடுகின்றன. ஹார்ப்பும் செலஸ்டாவும் மணியடிக்கிற மாதிரி மெல்லத் தட்டுகின்றன. லேமன் அங்கே பாடுகிறார் என்று சொல்வதா, பேசுகிறார் என்று சொல்வதா? சுரம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் காதில் விழுவது சொல். ‘எல்லாக் கடிகாரங்களையும்’ என்று ஜெர்மன் மொழியில் சொல்லும்போது ‘எல்லா’ என்பதை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறார். அறை அறையாக நடந்துபோகிற ஒருத்தி கண்முன் வந்துவிடுகிறாள். நல்ல குரலுக்காகக் கைதட்டுகிற ரசிகர் அங்கே கைதட்ட ஒன்றுமில்லை. உச்ச சுரம் இல்லை, நீண்ட மூச்சு இல்லை. சாகித்யத்தின் மேல் இருக்கும் பிடி ஒன்றுதான் இருக்கிறது.

லேமனின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். மூச்சு போதவில்லை என்பதால் வரியை எங்கே வெட்டுவது என்று அவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவை அவர் இசையிடம் கேட்காமல் அர்த்தத்திடம் கேட்டார். மனிதர்கள் பேசும்போது எங்கே மூச்சு விடுவார்களோ அங்கே விட்டார். பலவீனம் அப்படியே பாணி ஆகிவிட்டது. 1935 ஜூனில் வியன்னாவில் புரூனோ வால்ட்டர் நடத்திய, வாக்னரின் ‘வால்க்யூரே’ முதல் அங்கத்தின் பதிவில் இதைப் பச்சையாகக் கேட்கலாம். நாயகி ஸீக்லிண்டே, புயலில் தஞ்சம் புகுந்தவன் யாரென்று கண்டுபிடித்து அவனுக்குப் பெயர் வைக்கும் இடம். மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அவ்வளவு பதறுகிறவளுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்?

அந்தப் பதிவுக்கும் ஒரு பின்கதை உண்டு. முழு ‘வால்க்யூரே’யையும் பதிவுசெய்வதாகத்தான் திட்டம். வால்ட்டர் யூதர்; ஸீக்லிண்டேயின் கணவன் ஹுண்டிங்காகப் பாடிய இமானுவேல் லிஸ்டும் யூதர். நாஜி ஜெர்மனியில் இவர்களுக்கு இடமில்லை. இரண்டாம் அங்கத்தில் பாதியை வியன்னாவில் எடுத்தார்கள். மீதிப் பாதி 1938-இல் பெர்லினில், வேறு நடத்துனர், வேறு பாடகர்கள் சிலரோடு எடுக்கப்பட்டது. மூன்றாம் அங்கம் எடுக்கப்படவே இல்லை. ஐரோப்பா எப்படி உடைந்ததென்று அந்த இசைத்தட்டு உறைகளைப் புரட்டினாலே புரிந்துவிடும்.

அமெரிக்காவுக்கு லேமன் முதலில் போனது 1930-இல், சிகாகோவுக்கு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1934 ஜனவரியில்தான் ஸீக்லிண்டேயாகப் பாடினார். யெரிட்ஸா அந்த மேடையில் பதினொரு பருவங்கள் ஆண்டுவிட்டு 1932-இல் விலகியிருந்தார். வரவேற்பு அமோகம். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, அதே மேடையில், அதே ஸீக்லிண்டே வேடத்தில், நார்வேயிலிருந்து வந்த கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் அறிமுகமானார். அது இரும்புக் குரல். மூச்சும் உச்சமும் தீரவே தீராது. வாக்னர் நாயகிகளுக்கு மெட்ரோபாலிட்டன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம்தான் பார்த்தது. லேமனுக்கு அங்கே மார்ஷலின் மிஞ்சியது.

சால்ஸ்பர்க் விழாவில் இத்தாலிய நடத்துனர் டாஸ்கனினியோடு பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’ பாடியதும் இந்த வருஷங்களில்தான். எழுதியதிலிருந்து ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்று கத்துகிற டாஸ்கனினி, லேமனுக்காக நாயகி லியோனோரேயின் பெரிய பாட்டை அரை சுரம் இறக்கித் தரச் சம்மதித்தார். டாஸ்கனினியின் குணம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று விளங்கும். கச்சிதமான குரல் வேண்டியிருந்தால் வேறு ஆள் கிடைத்திருக்கும். அவருக்கு இந்த லியோனோரேதான் வேண்டியிருந்தாள்.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பார்த்தவர்களுக்கு ஒரு துணுக்கு: 1936-இல் சால்ஸ்பர்க்கில் டிராப் குடும்பத்தின் வீட்டை வாடகைக்குக் கேட்கப்போன லேமன், பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு, விழாப் போட்டியில் கலந்துகொள்ளவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர்கள் மேடை ஏறியது அப்படித்தான். படத்தில் லேமன் இல்லை.

அடுத்து கோரிங் விவகாரம். இதில்தான் நிதானமாக நடக்க வேண்டும்.

பிரஷ்யாவின் அரசு அரங்குகள் எல்லாம் அப்போது நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் கையில் இருந்தன. 1934 வசந்தத்தில் லேமனை பெர்லினுக்கு வரவழைத்து அவர் பேசினார். பல வருஷம் கழித்து லேமன் இதை விரிவாக எழுதினார். விமானம் அனுப்பிக் கூப்பிட்டது, வாரி வழங்குகிற சம்பளம், வீடு, குதிரை, ஆயுளுக்கும் ஓய்வூதியம், பதிலுக்கு ஜெர்மனிக்கு வெளியே பாடக்கூடாது என்ற நிபந்தனை. கலைக்கு எல்லை கிடையாது என்று தான் மறுத்துவிட்டதாகவும், அதனால் ஜெர்மனியின் கதவு தனக்கு மூடப்பட்டதாகவும் அவர் சொன்னார். கேட்பதற்கு ஒரு ஓபரா காட்சி மாதிரியே இருக்கும். வில்லன், ஆசைகாட்டல், நாயகியின் மறுப்பு, திரை.

வரலாற்றாசிரியர் மைக்கேல் கேட்டர் ஆவணங்களைத் தோண்டி, 2008-இல் வெளியான நூலில் வேறு சித்திரம் காட்டினார். லேமனுக்கு அந்த வேலையில் ஆசை இருந்திருக்கிறது. சந்திப்புக்குப் பிறகும் சம்பளம், சலுகை என்று பேச்சு நடந்திருக்கிறது. விதிமுறைகளில்தான் அது முறிந்திருக்கிறது. நாஜிகளை எதிர்த்து நின்ற வீராங்கனை என்ற பிம்பம், பிறகு அமெரிக்காவில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது சேர்ந்துகொண்டது.

இதனால் லேமன் பொய்க்காரி என்று முடிவுகட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கதையை அப்படியே நம்புவதும் சரியில்லை. 1934-இல் அவர் ஒரு தொழில்முறைப் பாடகி, நல்ல ஒப்பந்தம் தேடினார். அரசியல் அவருக்குப் புரியவில்லை, அக்கறையும் இல்லை. வாழ்க்கை முழுக்கப் பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்த கை, தன் கடந்த காலத்துக்கும் உருவம் கொடுத்துவிட்டது. அவர் எழுதாமல் விட்ட பக்கங்களை ஆவணக் காப்பகம் எழுதி முடித்தது.

நான்கு வருஷம் கழித்து அரசியல் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. 1926-இல் அவர் மணந்த ஓட்டோ கிரவுஸேவுக்கு முதல் தாரத்தில் நான்கு பிள்ளைகள். அவர்களுடைய அம்மா யூதர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், நாஜிச் சட்டத்தின் பார்வையில் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது. அவர்களை வெளியே கொண்டுவரும் கவலையோடுதான் மே 4 அன்று லேமன் கோவென்ட் கார்டனில் மார்ஷலின் வேடமிட்டு நின்றார். நடத்தியவர் எரிக் கிளைபர். முதல் அங்கம் முடியப்போகிற நேரம், காலத்தைப் பற்றியும் பிரிவைப் பற்றியும் பாடுகிற அதே பகுதி. குரல் நின்றுவிட்டது. என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு மேடையைவிட்டுப் போய்விட்டார். பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஹில்டே கோனெட்ஸ்னி எழுந்துபோய், வேடம் மாட்டிக்கொண்டு மீதியைப் பாடி முடித்தார்.

பிள்ளைகள் தப்பினார்கள். குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. கிரவுஸே காசநோயால் 1939 ஜனவரியில் இறந்தார். லேமன் பிறகு கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில், பிரான்ஸிஸ் ஹோல்டன் என்ற உளவியல் அறிஞரோடு ஒரே வீட்டில் கடைசிவரை வாழ்ந்தார்.

அமெரிக்காவில் அவரை முழுதாக ஆட்கொண்டது ‘லீட்’. ஜெர்மன் கவிதைக்கு ஷூபர்ட், ஷுமான், பிராம்ஸ் போன்றவர்கள் போட்ட மெட்டு. ஒரு குரல், ஒரு பியானோ, இரண்டு மூன்று நிமிஷம். வேடம் இல்லை, திரை இல்லை, குழியில் நூறு பேர் இல்லை. சொல்லைப் பிடித்துப் பாடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் ஏது? முதலில் கவிதையைப் படி, மெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் மாணவர்களுக்குச் சொன்னது. வியன்னாவிலிருந்து வந்த பியானோக்காரர் பால் உலானோவ்ஸ்கி துணை.

1940, 41-இல் அவர் ஷூபர்ட்டின் ‘குளிர்காலப் பயண’த்தைப் பதிவுசெய்தார். காதலில் தோற்ற ஒருவன் பனியில் நடந்துகொண்டே போகும் 24 பாடல்கள். ஆண் பாடுவது என்றே பலரும் நினைத்திருந்த தொகுப்பு. பெண் எப்படி இதைப் பாடலாம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மேடையில் ஆண் வேடமிட்டுப் பாட விடுகிறீர்கள், பாட்டில் மட்டும் கற்பனைக்குத் தடையா என்கிற தொனியில் அவர் பதில் சொன்னார். அதற்குப் பின் எத்தனையோ பெண்கள் அந்தப் பனியில் நடந்துவிட்டார்கள். இந்தப் பாடல்களுக்கு லேமன் 24 ஓவியங்களும் வரைந்தார். ஓவியங்கள் சுமார்தான், ஆனால் ஒரு பாட்டை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு நல்ல சாட்சி.

1947-இல் சான்டா பார்பராவில் தொடங்கிய மேற்கு இசைக் கழகத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே ரசிகர்கள் முன்னிலையிலேயே வகுப்பெடுப்பார். சொந்தக் குரல் போய்விட்டதால் ஒரு ஸ்தாயி கீழே முனகிக் காட்டுவார். முகமும் கையும் மீதியைச் சொல்லிவிடும். உச்சரிப்பில் தப்பினால் கூட்டத்தின் நடுவிலேயே வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவரிடம் வந்து சேர்ந்த செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பினப் பெண் கிரேஸ் பம்ப்ரி, 1961-இல் வாக்னரின் சொந்த அரங்கான பைராய்ட்டில் வீனஸாகப் பாடினார். அங்கே பாடிய முதல் கறுப்பினப் பாடகி அவர்தான். ஜெர்மன் பத்திரிகைகள் சில கொதித்தன. முதல் நாள் முடிவில் கைதட்டல் அரைமணி நேரம் ஓயவில்லை.

லேமன் 1976 ஆகஸ்ட் 26 அன்று சான்டா பார்பராவில் இறந்தார். அடக்கம் வியன்னா மத்தியக் கல்லறையில். அவர் பாடினார், நட்சத்திரங்கள் உருகின என்கிற பொருளில் ஸ்ட்ராஸ் சொன்ன வாசகம் கல்லில் இருக்கிறது.

ஆனால் லேமனை நினைக்கும்போது எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வருவது 1951 பிப்ரவரி 16, நியூயார்க் டவுன் ஹால். அறுபத்து மூன்றாவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருந்தது. கச்சேரியின் நடுவில், இதுதான் தன் கடைசி நிகழ்ச்சி என்று திடீரென்று அறிவித்தார். கூட்டம் வேண்டாம், வேண்டாம் என்று கத்தியது. நீங்கள் இப்படிச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் என்று அவர் சொல்ல, சிரிப்பும் அழுகையும் கலந்து எழுந்தது. பதிவில் கேட்கலாம். மார்ஷலின் கண்ணாடியைப் பார்த்து நேரமாகிவிட்டது என்பாள், நானும் பார்த்தேன், நேரமாகிவிட்டது என்றார். உலானோவ்ஸ்கிக்கு நன்றி சொன்னார்.

கடைசிப் பாட்டு ஷூபர்ட்டின் ‘இசைக்கு’. இரண்டே சரணம். வாழ்க்கையின் இருண்ட நேரங்களில் என்னை வேறோர் உலகத்துக்குக் கூட்டிப்போனாய் என்று இசையைப் பார்த்துச் சொல்கிற பாட்டு. இனிய கலையே, அதற்காக உனக்கு நன்றி என்று முடியும். முதல் சரணத்தைக் கடந்துவிட்டார். இரண்டாவதிலும் கடைசி வரி வரை வந்துவிட்டார். அந்த வரியை முடிக்க முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. உலானோவ்ஸ்கி நிறுத்தவில்லை. குரல் இருக்கவேண்டிய இடம் காலியாகவே இருக்க, பியானோ மட்டும் போய் முடிகிறது.